யார் லாபத்துக்கு அந்த அழைப்பு?

"டிஎன்டி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் ஏன் விளம்பர அழைப்பு வருகிறது?" என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடுவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நான் பார்க்கும் வேலை அப்படி. தென் மாவட்ட நகரம் ஒன்றில் பள்ளிக்கூடங்கள், சிறிய மருத்துவமனைகள், நகைச்சீட்டு நடத்தும் கடைகள், ஒன்றிரண்டு கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தருகிறேன். அரசாங்கக் காகிதத்தில் நானும் ஒரு டெலிமார்க்கெட்டர். அழைத்துத் தொல்லை கொடுக்கும் கூட்டமும் ஒழுங்குமுறை விதிகளுக்குப் பயந்து வாழும் கூட்டமும் ஒரே பெயரில் அழைக்கப்படுவது எனக்குப் பழகிவிட்டது.

உறவினர்களின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: டிஎன்டி, அதாவது விளம்பரம் வேண்டாம் என்று நம் எண்ணைப் பதிந்துவைக்கும் ஏற்பாடு, பதிவு செய்துகொண்ட டெலிமார்க்கெட்டர்களைத்தான் கட்டுப்படுத்தும், உங்களை அழைப்பவர் பதிவு செய்துகொள்ளவே இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும். பதிவு செய்யாதவரைப் பிடிக்க முடியாதென்றால் அந்தச் சட்டம் எதற்கு? இதற்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 1997ல் அமைக்கப்பட்டது. வேண்டாத விளம்பர அழைப்புகளுக்கு எதிரான அதன் முதல் விதிமுறை 2007ல் வந்தது. 'என்னை அழைக்காதீர்கள்' என்று எண்ணைப் பதிந்துவைக்கும் தேசியப் பதிவேடு அப்போது பிறந்தது. அதன் அடிப்படையிலேயே ஒரு கோணல் இருந்தது. யாரும் யாரையும் அழைக்கலாம். வேண்டாம் என்பவர் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். தொல்லைப்படுபவருக்கு வேலை, தொல்லை கொடுப்பவருக்கு அனுமதி. பதினெட்டு ஆண்டுகளாக எத்தனையோ முறை திருத்தியும் அந்தக் கோணல் முழுதாக நிமிரவில்லை.

அடுத்து 2010ல் ஒரு விதிமுறை எழுதி, 2011 செப்டம்பர் 27 முதல் அமலாக்கினார்கள். பதிவு பெற்ற டெலிமார்க்கெட்டர்களுக்கு 140 என்று தொடங்கும் எண்கள், வங்கி, வீடு மனை, கல்வி என்று ஏழு வகைகளாகப் பிரித்த விருப்பப் பட்டியல், புகாருக்கு 1909 என்ற எண், இரவு 9 மணியிலிருந்து காலை 9 மணிவரை விளம்பரத்துக்குத் தடை. காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. நடந்தது என்ன? 140 என்று பார்த்த மாத்திரத்தில் மக்கள் துண்டிக்கத் தொடங்கினார்கள். அழைப்பவர்கள் அதைக் கவனித்தார்கள். 140ஐ விட்டுவிட்டு, நீங்களும் நானும் வைத்திருப்பதுபோன்ற சாதாரணப் பத்து இலக்க எண்ணுக்கு மாறினார்கள். அடையாளம் போட்டுக்கொண்டவனுக்கு அழைப்பு எடுபடவில்லை, போடாதவனுக்கு எடுபட்டது. பிறகு யார் அடையாளம் போட்டுக்கொள்வார்கள்?

அதே 2011ல் இன்னொரு வேடிக்கை நடந்தது. விளம்பரக்காரர்கள் சாதாரண சிம்மிலிருந்து மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள் என்று, நாட்டில் உள்ள ஒவ்வொரு சிம்முக்கும் நாளொன்றுக்கு 100 செய்திதான் என்று வரம்பு கட்டினார்கள். வாட்ஸ்அப் இன்னும் வீட்டுக்கு வீடு வராத காலம். கல்லூரிப் பிள்ளைகள் இரவெல்லாம் எஸ்எம்எஸ்ஸில் வாழ்ந்தார்கள். எதிர்ப்பு கிளம்ப, சில வாரங்களில் வரம்பை 200 ஆக்கினார்கள். 2012 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வரம்பையே ரத்து செய்தது. தனிமனிதர் தம் நண்பருக்கு எத்தனை செய்தி அனுப்பினால் என்ன, அது அவருடைய கருத்துச் சுதந்திரம் என்றது. டிராய் சும்மா இருக்கவில்லை. நாளொன்றுக்கு 100 செய்திக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா என்று கட்டண வழியாக வந்தது. அதையும் 2020ல்தான் எடுத்தார்கள். இன்றும் ரீசார்ஜ் திட்டங்களில் 'தினமும் 100 எஸ்எம்எஸ்' என்று போட்டிருப்பதைப் பார்க்கிறீர்களே, அந்தக் காலத்துத் தழும்புதான் அது. நாலு பேரைப் பிடிக்கத் தெரியாமல் ஊரையே வரிசையில் நிறுத்தும் இந்தப் பழக்கம் நம்முடைய ஒழுங்குமுறைகளில் அடிக்கடி தலைகாட்டும்.

நான் தொழிலில் கால் ஊன்றிய பிறகு வந்தது 2018 ஜூலை மாத விதிமுறை. டிஎல்டி என்று துறையில் எல்லோரும் சொல்வது இதைத்தான். பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் ஒரு பொதுப் பதிவேடு. எல்லா மொபைல் நிறுவனங்களும் அதில் இணைந்திருக்கும். செய்தி அனுப்ப விரும்பும் நிறுவனம் தன் பான் எண், ஜிஎஸ்டி சான்று, அதிகாரக் கடிதம் எல்லாம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அதன் பின் 'ஹெடர்' வாங்க வேண்டும். செய்தியின் தலையில் அனுப்புநர் பெயராக வரும் ஆறு எழுத்து அதுதான். அதற்கு முன்னால் வரும் இரண்டு எழுத்துகளில் முதலாவது மொபைல் நிறுவனத்தையும் இரண்டாவது தொலைத்தொடர்பு வட்டத்தையும் குறிக்கும். கடைசியாக 'டெம்ப்ளேட்'. என்ன வாசகத்தை அனுப்பப் போகிறோமோ அதை வரிக்கு வரி முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் இடத்தில் மட்டும் ஒரு குறி. ஒரு குறிக்குள் 30 எழுத்துக்கு மேல் நுழையாது. ஒப்புதல் பெற்ற வாசகத்தில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் செய்தி வழியிலேயே நின்றுவிடும்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. அது டிராய் உண்டாக்கியதல்ல, குறுஞ்செய்தியின் பிறவிக் குணம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் என்றால் 70. அந்த 70கூட நாம் எண்ணுகிற எழுத்தல்ல. 'தங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி இடைவெளியையும் சேர்த்து 24. புள்ளியையும் கொம்பையும் சுழியையும் தனித்தனியாக எண்ணுகிற இயந்திரத்துக்கு அது 36. மாணவி பெயர், வகுப்பு, பள்ளியின் பெயர் சேர்ந்தால் ஒரு செய்தி இரண்டாகப் பிரியும்; கட்டணமும் இரண்டு. அதனால்தான் தமிழ் வழிப் பள்ளிகூட பெற்றோருக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்புகிறது. அடுத்த முறை இதைப் பார்த்துத் தமிழ்ப் பற்று பற்றிப் பேசத் தோன்றினால், அந்தத் தலைமையாசிரியரின் கைச்செலவையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

டெம்ப்ளேட் படுத்தும் பாட்டுக்கு ஒரு உதாரணம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு காலை ஆறு மணிக்கும் வரும், ஏழு மணிக்கும் வரும். 'கனமழை காரணமாக இன்று பள்ளிக்கு விடுமுறை' என்ற வாசகத்துக்கு ஒப்புதல் வாங்கிக் கையில் வைத்திருந்தோம். ஒரு நாள் பிள்ளைகள் பள்ளிக்கு வந்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. மதியத்தோடு பள்ளி விடுகிறோம், வந்து அழைத்துப் போங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அந்த வாசகம் எங்களிடம் இல்லை. புதிதாகக் கொடுத்து ஒப்புதல் வர ஒரு நாளாவது ஆகும். தலைமையாசிரியை தொலைபேசியில் கேட்டார்: "ஏன் தம்பி, மழை உங்கள் டெம்ப்ளேட்டைப் பார்த்துத்தான் பெய்ய வேண்டுமா?" பிறகு வாட்ஸ்அப் குழுவில் போட்டார், வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்கு ஆசிரியைகள் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார்கள். அதே வாரத்தில் அவருக்கு ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்து டிடிசிபி அங்கீகாரம் பெற்ற மனை, பஸ் நிறுத்தத்துக்கு மிக அருகில், முன்பணம் போதும் என்று நாலைந்து அழைப்பு. அந்த மனைக்காரருக்கு ஹெடரும் கிடையாது, டெம்ப்ளேட்டும் கிடையாது.

விதிமுறையைத் திட்டுவது மட்டும் என் நோக்கமல்ல. குறுஞ்செய்தியைப் பொறுத்தவரை டிஎல்டி வேலை செய்தது. வங்கி பெயரில் வங்கியைத் தவிர வேறு யாரும் ஹெடர் வாங்குவது கடினமாயிற்று. 2021 பிப்ரவரியில் பேடிஎம்மின் தாய் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2018 விதிமுறையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்குக் காரணமே போலிச் செய்திகள்தான். அதன் விளைவாக 2021 மார்ச் 8 அன்று மொபைல் நிறுவனங்கள் வடிகட்டியை இயக்கிவிட்டன. டெம்ப்ளேட்டோடு ஒத்துப்போகாத செய்தியெல்லாம் தடுக்கப்பட்டது. அன்றைக்குத் துறையில் இருந்த யாரும் அந்த நாளை மறக்க மாட்டார்கள். பணப் பரிமாற்றத்துக்கு ஓடிபி வரவில்லை. ஆதாருக்கு வரவில்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசிப் பதிவு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கோவின் ஓடிபியும் சிக்கிக்கொண்டது. மறுநாளே டிராய் வடிகட்டியை ஏழு நாட்களுக்கு நிறுத்திவைத்தது. பெரிய வங்கிகள்கூட வாசகத்தை முறையாகப் பதியாமல் இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. எங்களைப் போன்ற சிறிய ஆட்கள் ஒரு புள்ளிக்காக அலைந்துகொண்டிருந்தபோது, பெரியவர்கள் கடைசித் தேதி எப்படியும் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையில் இருந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை வீண்போகவும் இல்லை.

குறுஞ்செய்தியின் வாசல் இறுகியதும், தொல்லை குரல் அழைப்புக்கு நகர்ந்தது. இதன் சூட்சுமம் மிக எளியது. வணிக நிறுவனங்களுக்கென்று மொபைல் நிறுவனங்கள் விற்கும் பிஆர்ஐ என்ற இணைப்பு ஒன்றில் ஒரே சமயத்தில் 30 அழைப்பு போகும். எஸ்ஐபி என்ற இணையவழி இணைப்பில் அதற்கு மேலும் போகும். அலுவலகப் பயன்பாட்டுக்கு என்று சொல்லி வாங்கலாம். பதிவு செய்யப்பட்ட ஒலிப்பேச்சை ஓடவிட்டு, யாராவது ஒன்றை அழுத்தினால் மட்டும் ஆளோடு இணைக்கலாம். இணைப்பை விற்றவருக்கு ஒவ்வொரு மாதமும் வாடகை. அழைப்பு கூடக்கூட வரும்படி. வருமானம் கொடுக்கும் வாடிக்கையாளர் என்ன பேசுகிறார் என்று எந்த விற்பனை மேலாளர் போய் எட்டிப்பார்க்கப் போகிறார்?

புகார் செய்யும் முறையைப் பார்த்தாலும் இதே முடிச்சுதான். 1909க்குச் செய்தி அனுப்பலாம், அழைக்கலாம், டிராயின் டிஎன்டி செயலியில் பதியலாம். உங்கள் மொபைல் நிறுவனம் புகாரை வாங்கி, அழைத்தவரின் மொபைல் நிறுவனத்துக்கு அனுப்பும். விசாரிப்பது அந்த நிறுவனம். இணைப்பை விற்றுக் காசு பார்த்தவரே விசாரணை அதிகாரி. நான் செய்த ஒரு புகாருக்கு 'இது விளம்பர அழைப்பு என்று நிறுவப்படவில்லை' என்கிற பொருளில் பதில் வந்து, புகார் மூடப்பட்டது. அழைப்பில் வந்த பெண் ஐந்து நிமிடம் எனக்குக் கடன் அட்டை விற்றார். நிறுவுவதற்கு அவரைக் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டும்போலிருக்கிறது.

2024ல் டிராய்க்கே பொறுமை போய்விட்டது என்று நினைக்கிறேன். அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் மட்டும் பதிவு பெறாத டெலிமார்க்கெட்டர்கள் மீது 7.9 லட்சத்துக்கு மேல் புகார்கள். ஆகஸ்ட் 13 அன்று உத்தரவு வந்தது: எஸ்ஐபி, பிஆர்ஐ போன்ற இணைப்புகளிலிருந்து பதிவு பெறாமல் விளம்பர அழைப்பு செய்தால் அந்த நிறுவனத்தின் எல்லா இணைப்புகளையும் துண்டிக்க வேண்டும், இரண்டு ஆண்டுவரை கறுப்புப் பட்டியலில் வைக்க வேண்டும், எந்த மொபைல் நிறுவனமும் புது இணைப்பு தரக் கூடாது. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் 2.75 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 50 நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலுக்குப் போயின. இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மூன்றே வாரத்தில் இத்தனை இணைப்புகளைக் கண்டுபிடித்துத் துண்டிக்க முடிந்ததென்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏன் முடியவில்லை? கண்டுபிடிக்கத் தொழில்நுட்பம் இல்லாததல்ல காரணம். கண்டுபிடித்தால் இழப்பு யாருக்கோ, அவரிடமே தேடும் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

2025 பிப்ரவரித் திருத்தம் இன்னும் சில திருகுகளை முறுக்கியது. அழைப்பு வந்த மூன்று நாளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பது ஏழு நாளாயிற்று. புகாரின் மேல் நடவடிக்கை எடுக்க இருந்த 30 நாள் அவகாசம் ஐந்து நாளாகச் சுருங்கியது. ஒருவர் மீது ஏழு நாளில் பத்துப் புகார் வந்தால்தான் கவனிப்போம் என்றிருந்தது. பத்து நாளில் ஐந்து வந்தாலே போதும் என்றானது. ஸ்பேம் எண்ணிக்கையைத் தவறாகக் காட்டும் மொபைல் நிறுவனங்களுக்கு முதல் முறை 2 லட்சம் ரூபாய், இரண்டாம் முறை 5 லட்சம், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 10 லட்சம். செய்தியின் ஹெடருக்குப் பின்னால் விளம்பரமா, சேவையா, பரிவர்த்தனையா, அரசுச் செய்தியா என்று காட்டும் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டதும் அப்போதுதான்.

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பட்டியலில் ஒருவர் மட்டும் எங்கும் தென்படவில்லை, கவனித்தீர்களா? யாருடைய கடனை விற்க, யாருடைய மனையை விற்க அந்த அழைப்பு வந்ததோ, அவர்.

ஒரு தனிநபர் கடன் அழைப்பின் பின்னால் இருக்கும் ஆட்களைப் பார்ப்போம். மேலே ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ. அதற்குக் கீழே டிஎஸ்ஏ எனப்படும் நேரடி விற்பனை முகவர். அவருக்குக் கீழே ஒரு துணை முகவர். அவர் மாதச் சம்பளத்துக்கு நாலு பெண்களை வைத்து, ஆளுக்கொரு சிம் கொடுத்து ஒரு மாடி அறையில் அமரவைத்திருப்பார். ஒரு கடன் ஒப்பேறினால் கமிஷன் மேலிருந்து கீழே ஒழுகும். புகார் வந்தால் துண்டிக்கப்படுவது கீழே இருக்கும் சிம். மறுநாள் வேறு சிம். மேலே இருப்பவரைக் கேட்டால், முகவர் எங்கள் அனுமதியில்லாமல் செய்தது என்பார். கமிஷனை மட்டும் அனுமதியோடுதான் கொடுத்திருப்பார்.

2018 விதிமுறை எழுதியவர்களுக்கு இது தெரியாமலில்லை. அனுப்புநர் என்பதற்கு அதில் கொடுத்திருக்கும் விளக்கத்தில், எண்ணுக்குச் சொந்தக்காரர் மட்டுமல்ல, விளம்பரப்படுத்தப்படும் பொருளை, சேவையை, நிலத்தை விற்பவரும் வருகிறார். ஆனால் டிராய்ச் சட்டத்தின்படி டிராயின் கை எட்டுவது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வரைதான். வங்கிக்கு அபராதம் போட அதனால் முடியாது. மனை வணிகரை அழைத்து விசாரிக்க முடியாது. அதன் கையில் இருக்கும் ஒரே கருவி கத்தரிக்கோல்: இணைப்பை வெட்டலாம். ஆகவே எந்தப் பிரச்சினை வந்தாலும் அது வெட்டுகிறது. 2023ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, விளம்பரச் செய்திகளுக்கு முன் ஒப்புதல், தொல்லை செய்யாதே பதிவேடு போன்ற பயனாளர் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2024 ஜூனிலேயே அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டது. பொருளை விற்பவரை அதன்கீழ் கொண்டுவர மனம் வைத்தால் வழியிருக்கிறது.

அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வேறு வழியில் போனது. சட்டவிரோதமாக வந்த ஒவ்வோர் அழைப்புக்கும் 500 டாலர், வேண்டுமென்றே செய்தது என்றால் 1,500 டாலர்வரை கேட்டு, அழைப்பு வந்த தனிமனிதரே வழக்குப் போடலாம். இதனால் அங்கே தொல்லை ஒழிந்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ரோபோ அழைப்புகளால் அவர்களும் திண்டாடுகிறார்கள். வழக்குப் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் அங்கே உண்டு. ஆனாலும் பெயரும் முகவரியும் உள்ள ஒரு நிறுவனம் தன் முகவரைக் கட்டுக்குள் வைக்க அங்கே காரணம் இருக்கிறது. இங்கே அபராதம் போனாலும் அரசுக்குப் போகிறது. மத்தியானத் தூக்கம் கெட்டவருக்கு 'உங்கள் புகார் முடிக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வருகிறது. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது உண்மைதான். அதற்கு முன், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டி அந்தக் கதவை 2009லிருந்து சாத்தி வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு கடன் அழைப்புக்காக வக்கீல் வைத்து வாய்தாவுக்கு அலைகிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இவ்வளவு ஆண்டுகளில் எனக்கு உருப்படியாகத் தெரிவது 1600 வரிசைதான். வங்கி, காப்பீடு, பங்குச் சந்தை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரைச் சேவைக்காக அழைக்கும்போது 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்கு இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. விளம்பரத்துக்கு 140, சேவைக்கு 1600. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கெட்ட எண்களின் பட்டியலை நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நல்ல எண் எது என்று காட்டுவது வங்கியின் பொறுப்பு. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்று யார் சொன்னாலும் துண்டித்துவிடலாம் என்று என் அம்மாவுக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொடுக்க முடிகிறது. டிஎன்டியை அவருக்கு விளக்க இதுவரை என்னால் முடிந்ததில்லை. ஆனால் இதை ஊரறியச் சொல்ல வேண்டிய வங்கிகள், கிளையின் கண்ணாடிக் கதவில் ஒரு சுவரொட்டிகூட ஒட்டவில்லை. கதவில் ஒட்டியிருப்பதெல்லாம் வாகனக் கடன் வட்டி விகிதம்.

இன்னொன்று, ஒப்புதல். ஏப்ரல், மே மாதங்களில் பிளஸ் டூ எழுதிய பிள்ளை இருக்கும் வீட்டுக்கு எந்தெந்த ஊர்க் கல்லூரியிலிருந்தெல்லாமோ அழைப்பு வருவதைத் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிவோம். எண் எப்படிப் போனது? தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் பரிசுக் கூப்பனில் எழுதிப் போட்ட எண் எங்கே போகிறது? கேட்டால், நீங்கள்தான் ஒப்புதல் கொடுத்தீர்கள் என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள், பல சமயம் அதுவும் இருக்காது. ஒப்புதலைக் காகிதத்தில் ஏற்காமல், மொபைல் வழியாகவே 127 என்று தொடங்கும் குறுங்குறியீட்டிலிருந்து கேட்டு வாங்கிப் பதிவேட்டில் வைக்க வேண்டும், பிடிக்காதபோது நாமே திரும்பப் பெறலாம் என்பது டிராய் 2023 ஜூனில் பிறப்பித்த உத்தரவு. வங்கிகளோடு சோதனை முயற்சி தொடங்கியதே 2025 ஜூனில், ரிசர்வ் வங்கியோடு சேர்ந்து. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு அங்கிருந்து மேலும் 18 மாதம் அவகாசம். பள்ளிக்கூடத்து மழைச் செய்திக்கு ஒரு மணி நேரம்கூட விட்டுக்கொடுக்காத அமைப்பு, எண்ணை விற்பவர்களுக்கு மாதக் கணக்கில் பொறுத்துப்போகிறது.

இதற்கிடையில் வாட்ஸ்அப் தனிக்கதை. டிஎல்டிக்குச் செலவழிக்க முடியாத என் வாடிக்கையாளர்கள் பலர் அங்கே போய்விட்டார்கள். தொல்லைக்காரர்களும் கூடவே போய்விட்டார்கள். அங்கே 1909 கிடையாது, 140 கிடையாது, அந்த நிறுவனம் வைத்த சட்டம்தான் சட்டம். அதையும் டிராயின்கீழ் கொண்டுவர வேண்டும் என்று மொபைல் நிறுவனங்கள் கோரிக்கை வைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். தங்கள் வீட்டுக் குப்பையை அள்ளாதவர்கள் அடுத்த வீட்டு வாசலைக் காட்டுகிறார்கள். ஆனாலும் கோரிக்கையில் நியாயம் இல்லாமலில்லை.

கேட்கும் உறவினர்களுக்கு இப்போது நான் ஒரு உபாயம் சொல்லிக்கொடுக்கிறேன். மனை விற்க யாராவது அழைத்தால் உடனே துண்டிக்காதீர்கள். ரெராவின், அதாவது மனை வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின், பதிவு எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ரெராவில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் விளம்பரம் செய்யவே கூடாது, செய்தால் திட்டச் செலவில் பத்து விழுக்காடுவரை அபராதம். கத்தரிக்கோல் மட்டும் வைத்திருக்கும் டிராயைப் போலல்ல. மனை போட்டவரையே கூப்பிட்டுக் கேட்க அதிகாரம் உள்ள ஆணையம் சென்னையில் இருக்கிறது. எண்ணைச் சொன்னால், தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டுப் பார்த்தால் அந்த மனைப்பிரிவு யாருடையது என்ற பெயரும் முகவரியும் வந்துவிடும். 1909க்குப் புகார் அனுப்பும்போது கூடவே அந்த முதலாளிக்கும் ஒரு பதிவுத் தபால் போடுங்கள், உங்கள் பெயரில் எனக்கு இத்தனை அழைப்பு வந்திருக்கிறது என்று. என் சித்தப்பா ஒருவர் அப்படிச் செய்தார். கடிதம் போன நாலாம் நாள் அந்த அலுவலக மேலாளர் அழைத்து, "ஐயா, உங்கள் நம்பரை எடுத்துவிட்டோம், பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றாராம். டிஎன்டியில் பெயர் கொடுத்துவிட்டுச் சித்தப்பா பல ஆண்டு காத்திருந்தவர். எண்ணைச் சொல்லாமல் துண்டித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார் இன்னொருவர். துண்டித்தது அவர்கள்தானே, மீண்டும் அழைக்க மாட்டார்கள் என்றேன்.